களைமருந்துச் சட்டை

சட்டையின் பின்கழுத்தில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

நீல நிறத்தில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மட்டும் தெரிகிற மங்கலான விரல்கள். சின்ன விரல்கள். அவள் புருஷனின் விரல் ஒவ்வொன்றும் மண்வெட்டிப் பிடி மாதிரி இருக்கும். இவை அப்படியில்லை. யாரோ பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்து, அவசரமில்லாமல், உரிமையோடு, தன் பக்கம் சாய்த்த மாதிரி இருந்தது. கட்டைவிரலை மட்டும் காணோம். அது உள்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றி, காலரைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. அவன் தோலைத் தொட்ட இடத்தில், மற்ற நான்கையும்விட அழுத்தமாக.

சட்டையை மூக்கில் வைத்தாள்.

வேர்வை. இரும்பு. தண்டவாளத்துச் சரளைக்கல் சூடேறும்போது கிளம்புகிற புழுதி. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று: கனிந்து நாளாகித் தோல் வெடித்த பழத்தையும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தையும் சேர்த்துக் குழைத்தது போன்ற ஒரு தித்திப்பு, மூக்கில் ஏறித் தொண்டையின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை எச்சில் விழுங்கினாலும் இறங்க மறுக்கிற ஒரு தித்திப்பு. நல்ல வாசனை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ வேண்டுமென்றே போட்ட வாசனை. அது அவளுக்கு உடனே பிடிபட்டது.

"என்னங்க, இது என்ன நீலம்?"

அவன் வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "மருந்துல கலக்குற சாயம். அடிச்ச இடம் எது, அடிக்காத இடம் எதுன்னு தெரியணுமில்ல."

"சாயத்துக்கு விரல் இருக்கா?"

"என் விரலாத்தான் இருக்கும். கழுத்து அரிச்சிருக்கும், சொறிஞ்சிருப்பேன்."

"உங்க விரல வெச்சுக் காட்டுங்க."

அவன் சிரித்தான். யாரைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும் சிரிக்கிறவன். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் விழுந்தாள். அதற்குப் பிறகு அதே சிரிப்பை அவன் ஊருக்கெல்லாம் அள்ளி இறைப்பதைப் பார்த்து வயிறெரிந்தாள். டிக்கெட் கொடுக்கிறவளைப் பார்த்துச் சிரிப்பான். எதிர்வீட்டுக் கிழவியைப் பார்த்துச் சிரிப்பான். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் தடுமாறினால், பாவம் என்பான். அந்தப் 'பாவம்' எதற்கு என்று இவள் ஒரு பொழுது முழுக்கப் பேசாமல் இருப்பாள்.

"உனக்கு இருக்கிறது மூக்கா, இல்ல போலீஸ் நாயா?" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

அவனுக்கு ரயில்வேயில் களைமருந்து அடிக்கிற வேலை. முதுகில் டேங்க், கையில் குழாய். விடிகிற நேரத்தில், காற்று கிளம்புவதற்குள், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் முளைத்திருப்பதையெல்லாம் நனைத்துக்கொண்டே நடக்க வேண்டும். நனைந்தது மதியத்துக்குள் துவளும், மறுநாள் கருகும். வேலை உடுப்பு வீட்டுக்கு வரக்கூடாது என்பது டிப்போவின் சட்டம். அங்கேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு, வீட்டுச் சட்டையில்தான் கிளம்ப வேண்டும். உடுப்பைத் துவைக்க அங்கே ஒருத்தி இருந்தாள். துணிக்காரி என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு டிப்போவில் தண்ணீர் வரவில்லை. அதனால்தான் அவன் போட்ட சட்டையோடு வந்துவிட்டான்.

அந்தச் சட்டத்தை எதற்குப் போட்டார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்கு உறைத்தது வேறு. இத்தனை வருஷமாகத் தன் புருஷனின் வேர்வையை இன்னொருத்தி பிழிந்து வடித்திருக்கிறாள். அவன் முதுகு எந்த இடத்தில் அதிகம் நனையும், எந்த அக்குள் முதலில் கிழியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தனக்குத் தெரியாது.

"நாளையிலேருந்து உடுப்பு வீட்டுக்கு வரணும்."

"அடிப்பாவி, சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவாரு."

"ஒளிச்சு எடுத்துட்டு வாங்க."

"எதுக்குடி? அங்க சும்மா துவைச்சுத் தர்றாங்க."

"சும்மா யாரும் எதையும் துவைக்க மாட்டாங்க."

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே, சுருட்டிய உடுப்பு வந்து சேர்ந்தது. டிப்போவில் கேட்டால் வேறு வேறு சாக்குச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அவள் ஜெயித்துவிட்டாள்.

அதன்பிறகு சாயங்காலங்கள் அவளுடையவை ஆயின. அவன் குளித்துவிட்டு வந்து அசந்து படுத்ததும், பின்கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் குந்தி, சட்டையை மடியில் விரித்துக்கொள்வாள். முதலில் காலர், பிறகு அக்குள், பிறகு முதுகு. ஒவ்வோர் இடத்திலும் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, நுரையீரல் நிறைய இழுப்பாள். டேங்கின் வார் அழுத்திய இடங்களில் துணி எப்போதும் ஈரமாக இருந்தது. அங்கேதான் அந்தத் தித்திப்பு அடர்த்தியாக இருந்தது, அவன் முதுகோடு யாரோ முகம் வைத்துத் தூங்கிய மாதிரி. மோந்து முடித்தபிறகுதான் பக்கெட்டில் போடுவாள். சோடா சோப்புத் தின்ற கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். தண்ணீர் படும்போது வெடிப்புகளில் சுரீர் என்று எரியும். எரியட்டும். நீலம் கரைந்து தண்ணீர் கலங்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி. இன்னொருத்தியை நீரில் அமுக்கிப் பிடித்திருப்பது போன்ற நிம்மதி.

அழுக்குத் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு, சட்டையைக் கொடியில் போடுவாள். மறுநாள் காய்ந்த சட்டையை மறுபடி மோந்து பார்ப்பாள்.

போயிருக்காது. இன்னொருத்தி அங்கேயே இருப்பாள்.

*

பின்னால் கையளவு புல்தரை. அதன் ஓரத்தில் சில தொட்டிகள், தக்காளி, மிளகாய், பெயர் தெரியாத ஒரு நீலப்பூச் செடி. முதலில் தக்காளிதான் சுருண்டது. இலைகள் உள்பக்கமாக மடங்கி, கொழுந்து திருகிக்கொண்டு, காதை முறுக்கிய குழந்தை மாதிரி நின்றது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். சுவர்ப்பக்கத்து இலைகள் பச்சையாகவே இருந்தன. நடக்கிற பக்கத்து இலைகள் மட்டும் சுருண்டிருந்தன. யாரோ போகிறபோதும் வருகிறபோதும் உரசிக்கொண்டு போன மாதிரி.

அடுத்தது வீட்டுக்குள் வந்தது.

மதியம். அவன் வேலையிலிருந்து திரும்ப இன்னும் நேரமிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. தெருவில் ஒரு சத்தமில்லை. அவள் தலையணை உறையை மாற்றக் குனிந்தாள். அந்தத் தித்திப்பு. அவன் தலையணையில் இருந்தால் சரி என்று விட்டிருப்பாள். அவள் தலையணையில் இருந்தது. அவள் தலை வைக்கிற பள்ளத்தில். அவள் துண்டில் இருந்தது. தண்ணீர் குடிக்கிற டம்ளரின் விளிம்பில் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில், உள்ளங்கை படுகிற இடத்தில், வார்னிஷ் மங்கி ஒட்டுகிற மாதிரி இருந்தது.

நான் இல்லாதபோது வந்து உட்கார்கிறாள் என்று நினைத்தாள். என் டம்ளரில் குடிக்கிறாள். என் இடத்தில் படுக்கிறாள்.

நினைத்த மாத்திரத்தில் வீட்டின் அமைதி வேறு மாதிரி ஆனது. சமையலறைக் குழாய் சொட்டுவது, கதவு இடுக்கில் காற்று நுழைவது, கொடியில் சட்டை ஆடி ஆடிச் சுவரில் படுவது, எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ அசையாமல் நின்று அவள் வெளியே போகக் காத்திருப்பது போல இருந்தது.

அவள் அன்றே டிப்போவுக்குப் போனாள்.

துவைக்கும் அறை ஷெட்டின் கடைசியில் இருந்தது. துணிக்காரி என்று இவள் மனசில் வரைந்து வைத்திருந்தவள் வேறு: ஒல்லியாக, சிரித்த வாயும் சின்ன விரலுமாக. அங்கே நின்றவளுக்கு ஆம்பிளைத் தோள். முழங்கைவரை தடித்த ரப்பர் கிளவுஸ். கழுத்திலிருந்து கால்வரை பிளாஸ்டிக் ஏப்ரன். பேச வாயைத் திறந்தால் குரல் சரளைக்கல்லில் இழுத்த தகரம்.

"யாரும்மா நீ?"

இவள் புருஷன் யார் என்று சொன்னாள். "அவர் சட்டையை இனிமே தொடாதீங்க."

"தொட எங்க வருது? வர்றதையே நிறுத்திட்டானே. கேட்டா கிழிஞ்சிடுச்சுங்கறான், மறந்துட்டேங்கறான்." துணிக்காரியின் கை தண்ணீருக்குள் நின்றது. "நீதான் துவைக்கிறியா?"

"என் புருஷன் துணி. நான் துவைக்காம?"

"கிளவுஸ் போடறியா?"

"புருஷன் துணிக்கு எதுக்கு கிளவுஸ்? எனக்கு அருவருப்பு கிடையாது."

துணிக்காரி கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். பிறகு ஒரு கிளவுஸை மெதுவாக உரித்துக் கையைக் காட்டினாள். விரல் நுனிகளில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் மழமழவென்று சதை மூடியிருந்தது. "இது கிளவுஸ் தராத காலத்துல துவைச்ச கை. சதை மூடினப்புறம் நகம் வளரவே இல்ல. கேளு, துணிய வீட்டுல வெக்காத. வீட்டுத் துணியோட கலக்காத. மூஞ்சிகிட்டயே கொண்டுபோகாத."

"அந்த வாசனை யாருது?"

"எது?"

"சட்டையில வர்ற இனிப்பு வாசனை. உங்க மேலயும் வருது."

"அது மருந்து. தண்ணின்னு நெனச்சு எவனும் வாயில வெச்சிடக் கூடாதுன்னு செய்யறவனே கலந்து விடறான். நாத்தம் வந்தா ஓடணும்னு அர்த்தம்." இருமினாள். இருமல் நிற்க நேரமானது. "ஓடறதுக்குப் பதிலா நீ கிட்ட போய் மோந்துட்டு இருக்கியாக்கும்?"

இவளுக்குக் காது சுட்டது. வாசனை துணிக்காரி மேலும் வருகிறது, அதுவே போதும், வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தபடியே வெளியே வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

அந்தக் கை பெரியது. காலரில் இருந்த விரல்கள் சின்னவை.

துணிக்காரி இல்லை. அப்படியானால் யார்?

*

மழை பெய்து புல்லெல்லாம் எழுந்து நின்ற ஒரு வாரத்தில்தான் தடங்கள் தெரிந்தன.

பார்த்தவள் நாத்தனார். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருந்தாள். வாய் ஓயாதவள். அண்ணனைப் பார்க்க வந்தவள் பின்கதவில் நின்று, "அண்ணி, உங்க வீட்டுப் புல்லுக்கு என்ன, மஞ்சக்காமாலையா?" என்றாள்.

"வெயிலு."

"ஊரெல்லாம் மழை. உங்க வீட்டுக்கு மட்டும் வெயிலு தனியா டிக்கெட் வாங்கிட்டு வருதா?" குனிந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "இது கால்தடம் மாதிரி இருக்கே."

கதவிலிருந்து கொடிவரை. பச்சைப் புல்லில் வரிசையாக மஞ்சள் பாதங்கள். குதிகால், பாத வளைவு, ஐந்து விரல். சில இடங்களில் புல் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகி, தொட்டால் பொடிகிற நிலையில் இருந்தது. தடங்கள் கொடிக்குக் கீழே போய், அங்கே அருகருகே சேர்ந்து நின்றன. சட்டைக்கு நேர் எதிரில். வெகு நேரம் நின்றிருக்க வேண்டும். அங்கே மண் தெரிந்தது.

"பொம்பளைக் கால்," என்றாள் நாத்தனார். "அண்ணி, உங்க கால வெச்சுப் பாருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். நீங்கதானே செருப்பில்லாம இங்க துவைச்ச தண்ணிய மிதிச்சுட்டு நிக்கறீங்க."

"வேற வேலை இல்லையா உனக்கு?"

நாத்தனார் அவள் கையைப் பார்த்துவிட்டாள். "நகமெல்லாம் என்ன இப்படி வெள்ளையா கிளம்பி நிக்குது? டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணி. அண்ணனையும் இழுத்துட்டுப் போங்க. ரெண்டு படி ஏறினா நாய் மாதிரி இரைக்கறான், கேட்டா கொழுப்புங்கறான்."

நாத்தனார் போனபிறகு பொழுது சாய்ந்தது. பின்கதவு திறந்தே கிடந்தது. புல்லில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்து மங்கலில் மஞ்சள் தடங்கள் மட்டும் தரைக்கு ஒரு விரல் மேலே மிதப்பது போலத் தெரிந்தன. அவள் வலது காலைத் தூக்கினாள். முதல் தடத்தின் மேல் கொண்டுபோனாள். வைத்தாள்.

பிசிறில்லாமல் பொருந்தியது.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள், இல்லை அலறியிருப்பார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. காலின் கீழ் பொடிகிற புல்லின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். அவள் மனசு நேராகப் போகிற மனசு அல்ல. கால் அளவுகூட என் அளவாகப் பார்த்துத்தான் அவளைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவன் சட்டையைக் கழற்றினான். முதுகில் டேங்கின் வார் போகிற வழியெல்லாம் தோல் உரிந்து, சிவந்து, நீர் கோத்திருந்தது.

"யார் பிறாண்டினது?"

"டேங்க் மூடி கசியுதுடி. சொல்லிட்டேன், மாத்தறேன்னாங்க. போன வருஷமே சொன்னாங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பின் பாதியில் மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து நின்றான், தண்ணீருக்கு வெளியே போட்ட மீன் மாதிரி. "கொஞ்சம் எண்ணெய் தடவேன்."

தடவினாள். விரல் நுனியால், அந்தக் கோடுகள் எவ்வளவு நீளம், எந்தக் கையால் இழுத்தது என்று ஆராய்ந்துகொண்டே தடவினாள்.

*

மாதம் முடிவதற்குள் அவனுக்கு நடக்க முடியாமல் போனது. டிப்போவில் லீவு கொடுத்து அனுப்பினார்கள்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி ரயில் இல்லை, டிக்கெட்காரி இல்லை, துணிக்காரி இல்லை. அவன் நாள் முழுக்கக் கட்டிலில் இருந்தான். தண்ணீர் வேண்டுமென்றால் அவளைத்தான் பார்க்க வேண்டும். ஜன்னல்களைச் சாத்தினாள். எதிர்வீட்டுக் கிழவியின் முகம்கூட உள்ளே விழக்கூடாது.

அவனுடைய கடைசி வேலைச் சட்டையை மட்டும் அவள் துவைக்கவில்லை. சுருட்டித் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். சாட்சிக்கு.

"அந்தச் சட்டையத் தூக்கிப் போட்டுடு," என்றான்.

"ஏன், பார்த்தா அவ ஞாபகம் வருதா?"

அவன் அவளைப் பார்த்தான். "எவ?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் முதுகைப் பார்த்தாள், நெஞ்சுப் படத்தைப் பார்த்தாள், கடைசியில் இவள் கையைப் பார்த்தாள். மருந்து புண் வழியாக உள்ளே போயிருக்கிறது என்றாள். நுரையீரல் தடித்துக்கொண்டே போகிறது என்றாள். இவளைப் பார்த்து, "உங்களுக்கும் இருமல் இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"அவர் வேலைத் துணியெல்லாம் எங்க துவைக்கறாங்க? வீட்டுலயா?"

அவன் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தான். பேச அவனுக்கு மூச்சில்லை. வீட்டில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கும் ரத்தம் எடுப்பார்கள், படம் எடுப்பார்கள், மருந்து தருவார்கள். சட்டை திரும்பவும் துணிக்காரியின் தொட்டிக்குப் போகும். தலையணைக்குள் இருப்பதும் போகும்.

"டிப்போவுலதான்," என்றாள் அவள்.

"அவருக்குக் காத்து வெச்சா தேவலையில்லீங்களா?" என்று அவளே கேட்டாள்.

டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை மறுபடி எடுத்தாள். "இந்த விஷத்துக்கு அதுதான் கொடுமை. அதிகமா ஆக்ஸிஜன் கொடுத்தா நுரையீரல் இன்னும் வேகும். வேற வழியே இல்லாத கட்டத்துலதான் கொடுப்போம். வார்டுல சேர்த்துட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்."

வார்டைப் பார்த்தாள். வெள்ளை உடுப்பில் நர்சுகள். சின்னக் கைகள். சிரித்த முகங்கள்.

"வேண்டாம்," என்றாள். "வீட்டுலயே பார்த்துக்கறேன்."

*

சாயங்காலம். விளக்குப் போடவில்லை.

கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணை செருகக்கூட இடமில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது காகிதம் கசங்குவது போல. வெளியே வரும்போது அந்தத் தித்திப்பு, இப்போது துணியிலிருந்து அல்ல, அவனுக்குள்ளிருந்து.

அவன் மூச்சு. அதற்குப் பின்னால் ஒன்று.

அவள் நிமிர்ந்தாள்.

அவன் இழுத்து முடித்ததும் இன்னொரு மூச்சு இழுத்தது. கொஞ்சம் ஈரமாக. கடைசியில் ஒரு சின்னக் கொறகொறப்போடு. பெண்ணின் மூச்சு. அறைக்குள்தான். பக்கத்தில்தான்.

சரியாகக் கேட்பதற்காகத் தன் மூச்சை அடக்கினாள்.

அதுவும் அடங்கியது.

காத்திருந்தாள். நெஞ்சு வெடிக்கிற வரை. விட்டாள்.

அதுவும் விட்டது. ஒரு நொடி தாமதமாக.

இருட்டு கூடிக்கொண்டே வந்தது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவளே சாத்தியது. நாற்காலி தெரிந்தது. அதில் யாருமில்லை. வாசல் தெரிந்தது. யாருமில்லை.

கட்டிலில் அவன் அசைந்தான். கண் திறக்கவில்லை. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உதடு விரிந்தது. கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"வந்துட்டியா?" என்றான், சுவரிடம்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"எவ்ளோ நேரம் நின்னுட்டே இருப்ப? வா. படு." அவளிடம் ஒருநாளும் வராத குரல். பஞ்சு மாதிரி. "இடம் இருக்கு."

"என்னங்க. நான் இங்க இருக்கேன். இந்தப் பக்கம்."

அவனுக்குக் கேட்கவில்லை. மெல்ல, வலியோடு, உடம்பை அவள் பக்கமாக நகர்த்தினான். சுவருக்கும் தனக்கும் நடுவில் இடம் விட்டான்.

அந்த இடத்தில் மெத்தை அமுங்கியது.

முதலில் ஒரு முழங்கால் அளவு. பிறகு இடுப்பு அளவு. கட்டிலின் கம்பி முனகியது. போர்வை தானாக மேலே ஏறி, ஒரு தோளின் மேல் நின்றது.

அவள் எழுந்து ஓடியிருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரம். ஆனால் ஓடினால் அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓட வேண்டும். அவனை. அதனிடம். விட மனசு வரவில்லை. அது பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

கட்டிலில் ஏறினாள். இந்தப் பக்கம் படுத்தாள். அவன் நெஞ்சைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினாள். என் புருஷன். சத்தமாகச் சொல்லப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. இருமினாள். அந்தப் பக்கமும் இருமியது.

பிறகு ஒன்றுமில்லை. மூன்று மூச்சுகள் மட்டும். ஒன்றன்பின் ஒன்றாக.

அவன் தோளைத் தாண்டி ஒரு கை வந்தது.

பார்க்க முடியவில்லை. இருட்டு. பட்டது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய உள்ளங்கை. சின்ன விரல்கள், இடுக்கெல்லாம் அவள் கையில் இருக்கிற அதே வெடிப்பு. குளிர்ந்தது. அவன் மேல் அது தங்கவில்லை. அவன் நெஞ்சைத் தாண்டியது. அவனை ஒரு வேலியைத் தாண்டுவது போலத் தாண்டி, அவள் கையைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன் மேல் படுத்துக்கொண்டது.

இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை.

கை அவளைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. மெதுவாக. பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. அவன் மூச்சுக்கு ஒரு தட்டு. அடுத்த மூச்சுக்கு ஒரு தட்டு.

காகிதம் கசங்கியது. தட்டு.

கசங்கியது. தட்டு.

அவன் நெஞ்சு அவள் கைக்குக் கீழே ஒருமுறை எழுந்து, இறங்கி, பிறகு எழவில்லை.

தட்டு.

தட்டு.